ஓடாத பந்தயக் கார்: ஒரு பழைய குறுந்தகட்டிலிருந்து கிடைத்த கணினிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் காலையில் பழைய குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மேலே ஒட்டியிருந்த படம் பாதி அழிந்திருந்தது. ஒரு கார், அதன் கீழே ‘விண்டோஸ் 95’ என்ற எழுத்து, அவ்வளவுதான் தெரிந்தது. “சார், எங்க வாப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்ப விளையாண்டதாம். இப்ப கம்ப்யூட்டர்ல போட்டா ஓடுமா சார்?” என்று கேட்டான்.

நம்மில் பலர் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த நாட்களில் ‘ரோட் ராஷ்’ விளையாடாத பையன்கள் குறைவு. 1991இல் செகா விளையாட்டுப் பெட்டிக்காக வந்த அந்த மோட்டார் சைக்கிள் பந்தயம் 1996இல் கணினிக்கு வந்தது. ‘நீட் ஃபார் ஸ்பீடு’ வரிசையும் ஏறக்குறைய அதே காலம். அந்த விளையாட்டுகளை இன்றைய கணினியில் போட்டால் பெரும்பாலும் ஓடாது, ஓடினாலும் கோளாறாக ஓடும். ஏன் என்று தேடப்போனதில் ஒரு வாரத்துக்கான பாடம் கிடைத்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. கணிதம், அறிவியல், தமிழ் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

கற்றல் விளைவுகள்

இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர்கள்

1. ஒரு நிரல் தனித்து இயங்குவதில்லை, வன்பொருளையும் இயக்க அமைப்பையும் நம்பியே இயங்குகிறது என்பதை விளக்குவர்.
2. வேகம், தொலைவு, காலம் ஆகியவற்றின் தொடர்பைக் கணினி நிரலோடு பொருத்திக் கணக்கிடுவர்.
3. படமும் எழுத்தும் கணினிக்குள் எண்களாகவே இருப்பதை எடுத்துக்காட்டுடன் கூறுவர்.
4. கோப்புகளை நீண்ட காலம் திறக்கக்கூடிய வடிவில் சேமிப்பர்.

ஆறாம் வகுப்பின் ‘வன்பொருளும் மென்பொருளும்’, பத்தாம் வகுப்பின் ‘காட்சித் தொடர்பு’ ஆகிய பாடங்களோடு இதை இணைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: தகடு கெட்டுவிட்டதா?

வெளியிலிருந்து இணைக்கும் தகடு இயக்கி ஒன்றை என் மடிக்கணினியில் பொருத்தித் தகட்டைப் போட்டோம். நிறுவும் நிரலைச் சொடுக்கியதும் ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது’ என்ற பொருளில் செய்தி வந்தது. “தகடு கெட்டுப்போச்சு சார்” என்றனர் மாணவர்கள்.

அப்படியே விட்டுவிடாமல் ஒரு கேள்வி கேட்டேன். தகடு கெட்டிருந்தால் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் தெரியுமா? தெரிந்தது. அளவுகள் தெரிந்தன. ஒரு கோப்பை நகலெடுத்துப் பார்த்தோம், முழுதாக வந்தது. அப்படியானால் தகடு நன்றாகவே இருக்கிறது. இயங்க மறுப்பது வேறு எதுவோ. காரணத்தை ஊகிக்கும் முன் எது காரணம் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்குவது அறிவியல் முறை. இந்தப் பத்து நிமிட உரையாடலைத் தவறவிட வேண்டாம்.

பிறகு கரும்பலகையில் நான்கு இடைஞ்சல்களை எழுதினோம்.

இடைஞ்சல் 1: பிட்

பழைய நிரல்கள் பல 16 பிட் நுண்செயலிக்காக எழுதப்பட்டவை. 16 விளக்குகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் எரியலாம் அல்லது அணையலாம் என்றால் எத்தனை விதமாக அமைக்கலாம்? இரண்டின் அடுக்கு 16, அதாவது 65,536. இன்றைய கணினி 64 பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களை ஓட்டும் வசதி உண்டு, ஆனால் 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது.

விண்டோஸ் 95 காலத்து விளையாட்டுகள் பலவற்றில் விளையாட்டு 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது, வாசல் பூட்டுத்தான் திறக்கவில்லை என்று மாணவர்களுக்குச் சொன்னேன். எங்கள் தகட்டின் சிக்கலும் அதுதான்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு. பழைய டாஸ் விளையாட்டுகளின் திரை அகலத்தில் 320 படப்புள்ளிகள், உயரத்தில் 200. ஏன் இந்த அளவு? பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: 64,000. ஒரு படப்புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 64,000 பைட். 16 பிட் எண்ணால் சுட்டக்கூடிய இடங்கள் 65,536. முழுத் திரையும் அதற்குள் அடங்கி, 1,536 மீதமும் இருக்கிறது. அடுக்குக்குறிப் பாடத்தில் ‘இது எதற்கு சார்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒரு பதில்.

இடைஞ்சல் 2: வேகம்

கண்ணாமூச்சியில் கண்ணைப் பொத்தியவர் நூறு வரை எண்ண வேண்டும். நிதானமாக எண்ணினால் மற்றவர்கள் ஒளிந்துகொள்வார்கள். அவசரக்காரர் எண்ணினால் எல்லோரும் அகப்படுவார்கள். பழைய டாஸ் விளையாட்டுகள் சில இப்படித்தான் எழுதப்பட்டன: ‘குறிப்பிட்ட எண் வரை எண்ணு, பிறகு காரை ஓரடி நகர்த்து.’ நிரல் எழுதியவர் தம் கணினி எண்ணும் வேகத்தை மனத்தில் வைத்து அந்த எண்ணைத் தேர்ந்தார். கணினி வேகமானதும் காரும் கண்ணுக்குத் தெரியாமல் பறந்துவிட்டது. 286, 386 கணினிகளின் முகப்பில் ‘டர்போ’ என்ற பொத்தான் இருந்ததைச் சிலர் பார்த்திருக்கலாம். பெயர் டர்போவாக இருந்தாலும், பழைய நிரல்களுக்காகக் கணினியின் வேகத்தைக் குறைக்கவே அது பயன்பட்டது.

கணக்கிடச் சொல்லுங்கள். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் நுண்செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைய மடிக்கணினி ஒன்றை 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது 3,000 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 3,000ஐ 4.77ஆல் வகுத்தால் ஏறக்குறைய 629. அன்று திரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போன கார், இந்தக் கணக்குப்படி மணிக்கு 37,740 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூமியைச் சுற்றி வந்துவிடும்! புதிய நுண்செயலி ஒரு துடிப்பிலேயே அன்றையதைவிட அதிக வேலை செய்வதால் உண்மையான வேறுபாடு இதைவிடப் பெரியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இடைஞ்சல் 3: நிறம்

அக்காலத்து விளையாட்டுகள் பல 256 நிறங்களையே பயன்படுத்தின. ஒவ்வொரு படப்புள்ளியிலும் நிறம் இருக்காது, 0 முதல் 255 வரை ஓர் எண்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற அட்டவணை தனியாக இருக்கும். எண்களைப் பார்த்து வண்ணம் தீட்டும் குழந்தைப் புத்தகம் போல. 640க்கு 480 அளவுள்ள திரையில் 3,07,200 படப்புள்ளிகள். ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் சரியாக 300 கிலோபைட். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் கொடுத்தால் 900 கிலோபைட். நினைவகம் விலை உயர்ந்திருந்த காலத்தில் இது பெரிய சிக்கனம்.

புதிய விண்டோஸ் இந்த அட்டவணை முறையைத் தன் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. பழைய விளையாட்டு அமைத்த அட்டவணையின் மேல் வேறொன்று எழுதிவிட்டால் வானம் இளஞ்சிவப்பாகும், சாலை பச்சையாகும். எண்கள் ஒன்றுகூட மாறவில்லை, அட்டவணை மட்டும் மாறிவிட்டது. இதை மாணவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும். பின்னால் தமிழ் எழுத்துக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

இடைஞ்சல் 4: இல்லாமல் போன துணைகள்

சில விளையாட்டுகள் இசையை நேரே தகட்டிலிருந்து வாசித்தன. இன்றைய மடிக்கணினிகளில் தகடு இயக்கியே இல்லை. சில விளையாட்டுகள் ‘சேஃப்டிஸ்க்’ என்ற நகல் தடுப்பு முறையை நம்பின. அது பாதுகாப்புக் குறைபாடு உடையது என்பதால் விண்டோஸ் 10 முதல் அதற்கு இடமில்லை. 1997இல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீடு 2’ சிறப்புப் பதிப்பு, 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வரைகலை அட்டைகளுக்கான ‘கிளைடு’ முறையைப் பயன்படுத்தியது. அந்த நிறுவனமே இன்று இல்லை.

செயல்பாடு 1: மைதானத்தில் பந்தயம் (20 நிமிடம்)

ஒரு மாணவர் ‘கார்’, ஒருவர் ‘எண்ணுபவர்’, ஒருவர் நேரம் பார்ப்பவர். எண்ணுபவர் பத்து வரை எண்ணி முடிக்கும்போதெல்லாம் கார் ஓரடி முன்வைக்கும். 30 நொடியில் எத்தனை அடி என்று குறியுங்கள். அடுத்து வேகமாக எண்ணும் ஒருவரை நிறுத்தி மீண்டும் செய்யுங்கள். அடிகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடும்.

மூன்றாம் சுற்றில் விதியை மாற்றுங்கள். கடிகாரத்தில் மூன்று நொடி ஆனால் மட்டுமே ஓரடி. இப்போது யார் எண்ணினாலும் 30 நொடியில் பத்து அடிதான். நல்ல நிரல் நுண்செயலியின் வேகத்தை நம்பாது, கடிகாரத்தை நம்பும் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

செயல்பாடு 2: ஸ்கிராட்சில் சோதனை (ஒரு பாடவேளை)

ஒரு கார் உருவத்தை வைத்து, எப்போதும் இயங்கும் மடக்குக்குள் ‘ஓரடி நகர்’, ‘ஓரத்தில் மோதினால் திரும்பு’ என்ற கட்டளைகளைப் போடுங்கள். முதலில் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பச்சைக் கொடியைச் சொடுக்கினால் ஸ்கிராட்ச் டர்போ முறைக்கு மாறும். கார் தறிகெட்டு ஓடும். இப்போது மடக்குக்குள் ‘0.1 நொடி காத்திரு’ என்ற கட்டளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். டர்போ முறையிலும் கார் அடங்கி ஓடும். மைதானத்தில் மூன்றாம் சுற்றில் செய்தது இதையேதான்.

எப்படி ஓட வைப்பது?

ஆசிரியருக்கு முன்குறிப்பு: இதைச் சொந்தக் கணினியில் செய்யுங்கள். பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் அனுமதியின்றி எதையும் நிறுவ வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய அசல் தகட்டை மட்டும் பயன்படுத்துங்கள். பழையது என்பதால் ஒரு விளையாட்டின் உரிமை தீர்ந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. இலவசம் என்று இணையத்தில் கிடைப்பவற்றோடு வைரஸும் வரலாம். விளையாட்டின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். ‘ரோட் ராஷ்’ விளையாட்டில் ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் அடித்துத் தள்ளுவார்கள், வகுப்பறைக்கு அது ஏற்றதன்று.

டாஸ் விளையாட்டு என்றால் ‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் போதும். 2002இல் வெளிவந்த இது, புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போலவே நடிக்கிறது. இத்தகைய மென்பொருளை எமுலேட்டர் என்பர். விளையாட்டு உள்ள கோப்புறையை அதற்குக் காட்டிவிட்டால் அதையே ‘சி’ வட்டு என்று எடுத்துக்கொள்ளும். கார் பறந்தால் கண்ட்ரோல் விசையுடன் எஃப் 11ஐ அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், எஃப் 12ஐ அழுத்திக் கூட்டலாம்.

விண்டோஸ் 95 காலத்து விளையாட்டு என்றால் முதலில் தகட்டில் உள்ள கோப்புறையை அப்படியே வன்வட்டுக்கு நகலெடுத்து, விளையாட்டின் நிரலை நேரடியாகச் சொடுக்கிப் பாருங்கள். சில விளையாட்டுகள் இதற்கே இசையும். இல்லாவிட்டால் அந்த நிரலின் மேல் வலச் சொடுக்கிட்டு, பண்புகள் பகுதியில் ‘பொருந்தும் தன்மை’ என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். பழைய விண்டோஸ் பதிப்பு, 256 நிறம், 640க்கு 480 திரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. கிளைடு போன்ற பழைய வரைகலை முறைகளைப் புதிய முறைக்கு மொழிபெயர்த்துத் தரும் ‘டிஜிவூடூ’ போன்ற கருவிகளும் உண்டு.

எங்கள் தகடு மூன்றாம் நாள் ஓடியது. முதலில் வானம் ஊதா நிறத்தில் வந்தது. 256 நிறம் என்ற அமைப்பைத் தேர்ந்ததும் சரியானது. இசை வரவில்லை. அந்தப் பையன் திரையைக் கைபேசியில் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கு அனுப்பினான்.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

எல்லோரும் ஆரவாரமாக இருந்தபோது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “அப்ப நாங்க இப்ப செய்றதெல்லாம் இருபது வருஷம் கழிச்சுத் திறக்காதா சார்?”

எங்கள் பெரியபட்டினம் ஒரு காலத்தில் சீனக் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். இங்கே நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. எழுநூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அந்த ஓட்டைக் கையில் எடுத்தால் பூவேலை தெரிகிறது. அதைப் பார்க்க இன்னொரு கருவி வேண்டியதில்லை. குறுந்தகடு அப்படியன்று. தகடும் வேண்டும், அதைப் படிக்கும் இயக்கியும் வேண்டும், நிரலை ஓட்டும் இயக்க அமைப்பும் வேண்டும். ஒன்று போனாலும் உள்ளே இருப்பது இருந்தும் இல்லாததே. மாணவியின் கேள்விக்கு ‘ஆம், திறக்காமல் போகலாம்’ என்பதே நேர்மையான பதில். ஆனால் வழி உண்டு. அதற்கு இன்னொரு பந்தய விளையாட்டின் கதையைச் சொன்னேன்.

டக்ஸ் ரேசர்: இன்னும் ஓடும் பந்தயம்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர் ஜாஸ்மின் பாட்ரி தம் கணினி வரைகலைப் பாடத்துக்காகச் செய்த பணி ‘டக்ஸ் ரேசர்’. லினக்ஸின் சின்னமான பென்குவின் பனிமலையில் வயிற்றால் சறுக்கிக்கொண்டே வழியில் கிடக்கும் ஹெர்ரிங் மீன்களைப் பொறுக்கும். (எங்கள் பிள்ளைகள் அதைச் சாளை என்கிறார்கள். ஹெர்ரிங் சாளைக்கு உறவு என்பதால் நானும் திருத்தவில்லை.) 2000இல் இது மூலநிரலோடு கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2002இல் மூலநிரல் மூடப்பட்ட வணிகப் பதிப்பு ஒன்றும் வந்தது. இன்று வணிகப் பதிப்பு மற்ற பழைய விளையாட்டுகளைப் போலத் தகட்டோடு நின்றுவிட்டது. மூலநிரல் திறந்திருந்த பதிப்பை வேறு பலர் எடுத்துப் புதிய கணினிகளுக்கு ஏற்பத் திருத்தித் திருத்தி ‘எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர்’ என்ற பெயரில் ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள். லினக்ஸின் மென்பொருள் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற கார் பந்தயமும் இதே வழியில் வளர்ந்தது. வகுப்பறைக்கு இவை இரண்டும் தாராளமாக ஏற்றவை, உரிமைச் சிக்கலும் இல்லை.

ஒரே விளையாட்டு, இரண்டு விதி. எப்படிச் செய்தோம் என்பது திறந்திருந்தால் பின்னால் வருபவர் யாராவது ஓட வைக்க முடியும்.

நம் கோப்புகளின் நிலை

மாணவியின் கேள்வி ஆசிரியர்களாகிய நமக்கும் உரியது. பாடங்களுக்காக நாம் சேர்த்துவைத்த ஃபிளாஷ் அசைவூட்டங்கள் நினைவிருக்கும். 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது எதையும் ஓட்ட மறுத்துவிட்டது. ‘ரஃபிள்’ என்ற இலவச எமுலேட்டரில் அவற்றில் பலவற்றை இன்றும் ஓட்டலாம். அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது வினாத்தாள்கள். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்பு வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகிறது. இங்கேதான் அந்த நிற அட்டவணை மீண்டும் வருகிறது. பாமினியில் நாம் ‘அ’ என்று பார்ப்பது கோப்பினுள் 109 என்ற எண். அது ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்துக்கு உரிய எண். எழுத்துரு என்ற அட்டவணை இருந்தால் ‘அ’ தெரியும், இல்லாவிட்டால் ‘எம்’ தெரியும். ஒருங்குறியில் ‘அ’வுக்கென்றே 2949 என்ற தனி எண் இருக்கிறது. எந்தக் கணினியும் அதை வேறாகப் படிக்காது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது.

என் பெட்டியில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பத்தாண்டு வினாத்தாள்கள் கிடந்தன. அந்த வாரம் இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு மாற்றத் தொடங்கினோம். மாற்றியதும் ர, ற போன்ற இடங்களில் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தது அவர்களுக்கு நல்ல எழுத்துப் பயிற்சியாகவும் அமைந்தது. நீங்கள் செய்யக்கூடியவை:

1. பழைய குறுந்தகடுகளில் உள்ளவற்றை இப்போதே வன்வட்டுக்கு நகலெடுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள்.
2. பழைய எழுத்துருக் கோப்புகளை இலவச மாற்றிகளின் துணையோடு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். அசல் கோப்பையும் அந்த எழுத்துருவையும் சேர்த்தே வைத்திருங்கள்.
3. புதியவற்றை லிப்ரே ஆஃபீஸின் திறந்த வடிவில் சேமியுங்கள். அச்சுக்கு உரியதைப் பி.டி.எஃப். ஆகவும் வையுங்கள்.
4. மாணவர்களின் செயல்திட்டங்களோடு ‘எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த நாள்’ என்று ஒரு சிறு குறிப்புக் கோப்பு வையுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு நிரல் இயங்கவில்லை. தகடு கெடவில்லை என்பதை எவ்வாறு உறுதி செய்வாய்?
2. 8 பிட் எண்ணால் எத்தனை நிறங்களைச் சுட்டலாம்?
3. 800க்கு 600 அளவுள்ள திரைக்கு, ஒரு படப்புள்ளிக்கு ஒரு பைட் வீதம், எத்தனை பைட் தேவை?
4. எண்ணிக்கையை நம்பும் நிரலுக்கும் கடிகாரத்தை நம்பும் நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை மைதானச் செயல்பாட்டைக் கொண்டு விளக்குக.
5. வீட்டில் திறக்க முடியாத பழைய தகடு, ஒலிநாடா, கோப்பு ஏதேனும் உண்டா? அதைத் திறக்க என்னென்ன தேவை என்று பட்டியலிடுக.

ஐந்தாம் வினாவைத் தவறாமல் கொடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அண்ணன் திருமண வீடியோத் தகட்டைக் கொண்டுவந்தாள். இன்னொருவன் தன் பாட்டனாரின் குரல் பதிந்த ஒலிநாடாவைக் கொண்டுவந்தான். ஒலிநாடாவை ஓட்டும் பெட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.